ஊர்வலம் முடிஞ்சது, தட்டியைப் பெட்டிக்கடையில சாத்தி வச்சாச்சு: பசங்ககிட்ட எந்தப் பிரச்சாரம்தான் எடுபடுது?

சாக்பீஸ்_வாத்தி (இழையைத் தொடங்கியவர்)

அரசு மேல்நிலைப் பள்ளியில பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஊர் பேர் வேண்டாம். உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் மே 31. நமக்கு அப்போ கோடை விடுமுறை. அதனால பள்ளி திறந்த பிறகு ஜூன்ல ஒரு நாள் அதைக் கடன் தீர்க்கிற மாதிரி நடத்துவோம். உறுதிமொழி, தட்டி, ஊர்வலம், போட்டோ, மேலிடத்துக்கு அனுப்ப ஒரு பக்க அறிக்கை.

இந்த வருஷமும் நடந்தது. "புகை நமக்குப் பகை"ன்னு பசங்க தொண்டை கிழியக் கத்தினாங்க. முடிஞ்சு கால் மணி நேரம் கழிச்சு வண்டியை எடுத்துட்டு வெளிய வர்றேன். பள்ளிக்கு எதிர்த்தாப்புல இருக்கிற பெட்டிக்கடையில என் வகுப்புப் பையன்கள் ரெண்டு பேர். தட்டியைக் கடைச் சுவர்ல சாத்தி வச்சிருக்கான். கடை ஓரத்துல தேங்காநார்க் கயிறு ஒண்ணு நுனியில கனிஞ்சுகிட்டே தொங்குமே, அதுல குனிஞ்சு பத்த வைக்கிறான். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால மறைச்சான். புகை தோளுக்கு மேல வருது. தட்டியில நுரையீரல் படம், அவனே வரைஞ்சது, நல்லாவே வரைஞ்சிருந்தான்.

அடிக்கவும் இல்ல, வீட்டுக்குச் சொல்லவும் இல்ல. ரெண்டு நாளா ஒரே யோசனை. நாம பண்றதுல ஏதாவது ஒண்ணாவது இவனுங்களுக்குள்ள போகுதா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க. அறிவுரை வேண்டாம், அதை நானே நாள் முழுக்கக் கொடுக்கிறேன்.

கடைசி_பெஞ்ச்

சார், தியேட்டர்ல முகேஷ் விளம்பரம் வந்தப்போ கவனிச்சிருக்கீங்களா? 2012 அக்டோபர்ல இருந்து படத்துக்கு முன்னாடியும் இடைவேளைக்குப் பிறகும் புகையிலை எதிர்ப்பு விளம்பரம் கட்டாயம், அதுல ஒண்ணு இது. ஆரம்பத்துல வயித்தைப் பிசைஞ்சது. அப்புறம் கூட்டமே சேர்ந்து வசனத்தை ஒப்பிச்சுச் சிரிக்க ஆரம்பிச்சிடுச்சு. அந்தப் பையன் 24 வயசுல வாய்ப் புற்றுநோய்ல செத்தவன். அதை நினைச்சா நான் சிரிச்சதுக்கு இப்போ வெட்கமா இருக்கு. ஆனா சிரிச்சேன்.

அவன் போட்டது குட்கா. நம்ம பசங்க "அது குட்கா, நான் அடிக்கிறது சிகரெட்"ன்னு சுலபமா தப்பிச்சிடுறாங்க.

கணக்குப்பிள்ளை

கொஞ்சம் எண்ணிக்கையும் பேசுவோம். பள்ளி மாணவர்கள், 13 முதல் 15 வயது வரை, இவங்ககிட்ட எடுக்கிற உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பு இந்தியாவுல நாலு தடவை நடந்திருக்கு. 2009ல ஏதோ ஒரு வகையில புகையிலை பயன்படுத்தினவங்க 14.6 சதவீதம். 2019ல 8.5. பசங்க 9.6, பொண்ணுங்க 7.4. ஆக, பத்து வருஷத்துல கிட்டத்தட்ட பாதிக்குப் பக்கமா குறைஞ்சிருக்கு. எதுவுமே எடுபடலைன்னு சொல்ல முடியாது.

அதே கணக்கெடுப்புல வயித்தைக் கலக்குற இன்னொரு எண்ணும் இருக்கு. சிகரெட் பிடிச்சுப் பார்த்த பிள்ளைகள்ல 38 சதவீதமும், பீடி பிடிச்சுப் பார்த்தவங்கள்ல 47 சதவீதமும் பத்து வயசு முடியறதுக்குள்ளயே முதல் தடவை தொட்டிருக்காங்க. நாம பத்தாம் வகுப்புல ஊர்வலம் விடுறோம். அவன் நாலாம் வகுப்புலயே அப்பா போட்ட பீடித் துண்டை எடுத்து இழுத்துப் பார்த்துட்டான்.

பெரியவங்க கணக்கையும் சொல்லிடுறேன். இந்தியா முழுக்க 2009-10ல 34.6 சதவீதமா இருந்த புகையிலைப் பயன்பாடு 2016-17ல 28.6 ஆச்சு. தமிழ்நாட்டுல அதே காலத்துல 16.2ல இருந்து 20.0 ஆக ஏறுச்சு. நாடே இறங்கும்போது நாம ஏறினோம். இதை எந்த மேடையிலயும் யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

ஆயில்_கறை

> பள்ளி மாணவர்கள், 13 முதல் 15 வயது வரை

இதுலதான் ஓட்டை. நான் மெக்கானிக் ஷெட் வச்சிருக்கேன். என்கிட்ட வேலை கத்துக்க வர்ற பையன் ஒன்பதாவதுல நின்னவன். அவனை எந்தக் கணக்கெடுப்பு கேட்டுச்சு? வகுப்பறையில உட்கார்ந்திருக்கிறவன்கிட்டதான் தாள் கொடுக்கிறாங்க. பட்டறை, டீக்கடை, மீன் மார்க்கெட்டு, கட்டட வேலை, இங்க இருக்கிற பதினஞ்சு வயசுக்காரன் கணக்குலயே வரமாட்டான். அவன் கையில சொந்தக் காசும் இருக்கு, கேட்க ஆளும் இல்ல. எங்க ஷெட்ல நானே "ஒரு டீ சொல்லு, ஒரு தம் வாங்கிட்டு வா"ன்னு அனுப்பிட்டு இருந்தவன்தான். போன வருஷம் நிறுத்தினேன், அனுப்புறதை. பிடிக்கிறதை இன்னும் நிறுத்தல.

பெட்டிக்கடை_மகன்

இந்த இழையில கடைக்காரன் பக்கம் யாராவது பேசணும். எங்க அப்பா 26 வருஷம் கடை வச்சிருந்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம்தான். மறைக்க ஒண்ணுமில்ல.

பெட்டிக்கடையில சிகரெட்டுல கிடைக்கிற லாபம் சொற்பம். ஆனா சிகரெட் இல்லாத கடைக்கு ஆள் வராது. ஒரு தம்முக்கு வர்றவன் ஒரு டீ, ஒரு மிட்டாய், ஒரு ரீசார்ஜ்னு நிப்பான். முழு பாக்கெட்டா வாங்குறவன் நாள் முழுக்க நாலைஞ்சு பேர்தான். மத்தது எல்லாம் உதிரி. பாக்கெட்டை உடைச்சு ஒண்ணொண்ணா வித்தா எம்.ஆர்.பி.க்கு மேல ஒண்ணு ரெண்டு ரூபா சேர்த்தும் கிடைக்கும், அது தனி.

பசங்க ஒருத்தனும் பாக்கெட் வாங்கினதை நான் பார்த்ததில்ல. வாங்க முடியாது, காசு கிடையாது, வச்சுக்க இடமும் கிடையாது. பையில இருந்தா அம்மா கண்டுபிடிச்சிடுவா. ரெண்டு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்குவான். "எங்க அப்பாவுக்கு"ம்பான். அப்பா யாருன்னு எங்களுக்கும் தெரியும், அவர் பிடிக்கமாட்டார்னும் தெரியும். கொடுப்போம். கொடுக்கலைன்னா அடுத்த கடை இருபது அடியில இருக்கு. முடிச்சுட்டுக் கொய்யா இலையை மென்னுகிட்டே வகுப்புக்குப் போவான்.

"18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பது குற்றம்"னு 60க்கு 30 சென்டிமீட்டர்ல போர்டு வைக்கணும்னு விதி. எங்க கடையிலயும் இருந்தது. அது மேலதான் ஷாம்பூ சரம் தொங்கும்.

தம்_விட்டவன்

மேல சொன்னதுக்கு எதிர்ப்பக்க சாட்சி நான். பதினாலு வயசுல ஆரம்பிச்சேன். பதினேழு வருஷம்.

பாக்கெட் அட்டையில 85 சதவீதம் எச்சரிக்கைப் படமும் எழுத்தும் போடணும்னு 2016 ஏப்ரல்ல வந்தது. அதுக்கு முன்னாடி 2009ல முதல் படம் வந்தப்போ மெல்லுற புகையிலைப் பாக்கெட்ல தேள் படம் போட்டிருந்தாங்க. தேளுக்கும் புகையிலைக்கும் என்ன சம்பந்தம்னு அப்போ யாருக்கும் புரியல, இப்பவும் எனக்குப் புரியல. விஷயம் அது இல்ல. பள்ளியில படிச்ச காலத்துல நான் ஒரு பாக்கெட்டைக் கையில தொட்டதே இல்ல. கடைக்காரர் டப்பாவுல இருந்து ஒண்ணை உருவிக் கொடுப்பார், வெள்ளைக் குச்சி, ஒரு எழுத்து கிடையாது. படத்தை யாருக்குக் காட்டுறாங்க? பாக்கெட்டா வாங்குற நாப்பது வயசுக்காரருக்கு. அவர் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டார்.

சரி, பார்த்திருந்தாலும்? அந்தப் படத்துல இருக்கிற ஆளுக்கு அம்பது வயசு இருக்கும். பதினாலு வயசுல அம்பது வயசுங்கிறது வேற ஊரு. அடுத்த வாரம் நடக்கிற மேட்ச் மட்டும்தான் எதிர்காலம்.

பொதுநலம்_படிச்சவன்

தம்_விட்டவன் சொல்றதைத்தான் அமெரிக்காவுல 1998ல ஃப்ளோரிடா மாநிலம் கண்டுபிடிச்சது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

சிகரெட் கம்பெனிகள்கிட்ட வழக்கு போட்டு வாங்கின பணத்துல ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க. பேர் "ட்ரூத்", உண்மை. விளம்பரக்காரங்க முதல்ல பசங்களையே கூப்பிட்டுக் கேட்டாங்க. தெரிஞ்சது என்னன்னா, புகை கெடுதல்னு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பிடிக்கிறான். கெடுதல்ங்கிறதுதான் அதுல இருக்கிற ருசியே. பெரியவன் வேண்டாம்னு சொல்றதைச் செய்றதுதான் அந்த வயசு. அதனால அவங்க நுரையீரலை ஓரமா வச்சுட்டு, கம்பெனியைக் காட்டினாங்க. "உன்னை ஏமாத்தி வாழ்நாள் வாடிக்கையாளரா ஆக்கப் பார்க்கிறது கோட்டு சூட்டு போட்ட பெரியவங்க. நீ எதிர்க்கிறதா இருந்தா அவங்களை எதிர்." 2000ல இது நாடு முழுக்கப் போச்சு. அதுல ஒரு விளம்பரம்: நியூயார்க்ல பிலிப் மாரிஸ் கம்பெனி கட்டட வாசல்ல பசங்க வந்து 1,200 பிணப்பைகளை அடுக்குவாங்க. அமெரிக்காவுல புகையிலையால ஒரு நாளைக்குச் சாகிற ஆள் எண்ணிக்கை அது. மேல ஜன்னல்ல ஆபீசர்கள் எட்டிப் பார்ப்பாங்க. அவ்வளவுதான் விளம்பரம்.

ஃப்ளோரிடாவுல ரெண்டே வருஷத்துல நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள்கிட்ட புகைப்பழக்கம் 18.5 சதவீதத்துல இருந்து 11.1க்கு வந்தது. உயர்நிலையில 27.4ல இருந்து 22.6.

இன்னொரு பக்கம் வேடிக்கை. அதே 1998ல பிலிப் மாரிஸ் கம்பெனியே இளைஞர்களுக்குப் புகை எதிர்ப்பு விளம்பரம் போட்டது. "யோசி, புகைக்காதே"ங்கிற மாதிரி வாசகம். 2002ல வந்த ஆய்வு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ட்ரூத் பார்த்த பிள்ளைகள் புகைக்கு எதிரா திரும்பினாங்க. கம்பெனி விளம்பரம் பார்த்தவங்ககிட்ட பிற்காலத்துல புகைக்கலாங்கிற எண்ணம் கூடியிருந்தது. "புகைக்காதே"ன்னு கட்டளை போடுறது எப்படி வேலை செய்யும்னு கம்பெனிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இது என் சந்தேகம், அவ்வளவுதான்.

நம்ம ஊர்வலத்துத் தட்டி வாசகம் எந்தக் கட்சியில சேரும்னு நீங்களே பாருங்க.

கணக்குப்பிள்ளை

ட்ரூத்துக்கே முழு மாலையும் போட்டுடாதீங்க. 1998 நவம்பர்ல கம்பெனிகள் 46 மாநிலங்களோட பண்ணின உடன்படிக்கைக்குப் பிறகு பாக்கெட் விலையும் ஏறுச்சு. பையன் காசு எண்ணி வாங்குறவன், விலை ஏறினா முதல்ல விழுறது அவன்தான். அங்க பன்னிரண்டாம் வகுப்புல மாசத்துல ஒரு தடவையாவது சிகரெட் பிடிச்சவங்க 1997ல 36.5 சதவீதம், 2024ல 2.5. விளம்பரம் ஒரு பங்கு, விலை ஒரு பங்கு, தடை ஒரு பங்கு.

நடுவுல மின்சிகரெட் வந்து ஆட்டத்தைக் கலைச்சது. 2019ல அங்க உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள்ல 27.5 சதவீதம் பேர் வேப் இழுத்தாங்க. மாம்பழ வாசனை, புதினா வாசனை. 2024ல அது 7.8க்கு இறங்கியிருக்கு.

நம்ம ஊர்ல உதிரியா விக்கிறவரைக்கும் விலை ஏத்துறதும் பாதிதான் உறைக்கும். பாக்கெட் விலை முப்பது ரூபா ஏறினாலும் பையன் கையில அது மூணு ரூபா.

சிங்கை_அம்மா

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கு வாங்கும் வயதை 2019இல் 19, 2020இல் 20, 2021இல் 21 என்று ஆண்டுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். 2020 ஜூலையிலிருந்து எல்லா பாக்கெட்டும் ஒரே மங்கிய நிறம், பிராண்டு சின்னம் கிடையாது. வேப் கையில் வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம். கடையில் பையன்களுக்கு ஒரு குச்சி கிடைக்காது, உண்மை.

ஆனால் என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கும்போது அவன் பென்சில் பையில் ஒரு ஹைலைட்டர் பேனா பார்த்தேன். மூடியைத் திறந்தால் திராட்சை வாசனை. பேனா இல்லை என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. "ஃப்ரெண்டோடது" என்றான், எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். கைப்பேசியில் ஆர்டர், கீழ்த்தளத்தில் டெலிவரி. அதற்குப் பிறகு எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப் வேறு வந்து, 2025 செப்டம்பரில் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள்.

கடையை அடைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், எங்களுக்குக் கடை அடைபட்டதுதான், திருட்டுவழி அடைபடவில்லை.

அண்ணா_நகர்_ரவுடி_இல்ல

இங்கயும் அதே கதைதான். தமிழ்நாடு 2018லயும், நாடு முழுக்க 2019லயும் மின்சிகரெட்டைத் தடை பண்ணியாச்சு. காலேஜ் வாசல்ல கேட்டா கிடைக்கும். சின்ன ஊர்ல அதை விடப் பெரிய தலைவலி பல்லிடுக்குல வைக்கிற பொட்டலம். புகை இல்ல, வாசனை இல்ல, வாத்தியார் முன்னாடியே வச்சுக்கிட்டு "பிரசன்ட் சார்" சொல்லலாம். குட்கா 2013ல இருந்தே இங்க தடை. 2024ல உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளையே கூல் லிப்ங்கிற அந்த மாதிரிப் புகையிலைப் பொட்டலத்தைப் பத்தி, பள்ளிப் பிள்ளைகள் இதுல மாட்டிக்கிறாங்க, நாடு முழுக்க ஏன் தடை பண்ணக் கூடாதுன்னு கேட்டது. சாக்பீஸ் சார், தட்டியில நுரையீரலோட ஈறையும் வரையச் சொல்லுங்க.

முதல்_நாள்_முதல்_ஷோ

எல்லாரும் சுத்தி வளைச்சுப் பேசுறீங்க. காரணம் சினிமா. ஹீரோ பத்த வைக்கிற ஸ்டைல்தான் பையனைக் கெடுக்குது. 2002ல ரஜினி படத்துக்குப் பா.ம.க. எதிர்ப்பு, 2018ல விஜய் சிகரெட்டோட நின்ன போஸ்டருக்குப் பொது சுகாதாரத் துறை நோட்டீஸ், போஸ்டரையே எடுத்தாங்க. எடுக்க வச்சது சரிதான்.

சிவகாசி_சரவெடி

அப்போ மத்த நடிகர் படத்துல மட்டும் வெத்தலையா போடுறாங்க? ஒருத்தர் படத்துக்கு மட்டும் ஏன்

நெறியாளர்

இதுக்குக் கீழே இருந்த பதினொரு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த நடிகர் எத்தனை சிகரெட் பிடித்தார் என்பதற்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, மூன்று வருடமாக ஓடுகிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இங்கே பிள்ளைகள் விஷயம் மட்டும்.

சுளவுக்காரி

திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊரு. எங்க அம்மா பீடி சுத்துனா. நான் ஆறாப்பு படிக்கும்போதே இலை வெட்டுவேன். தகட்டை இலை மேல வச்சுக் கத்தரியால நறுக்கணும், அதுக்கு மேல தூளைப் போட்டுச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டணும். மடியில சுளவு, அதான் முறம், சுளவுல தூள். ராத்திரி சோறு அந்தக் கையிலதான். ஆயிரம் பீடி கணக்கு முடிக்க நானும் அக்காவும் சேர்ந்தாத்தான் முடியும். அந்தக் காசுலதான் நான் படிச்சேன், இந்த எழுத்தும் அந்தக் காசுதான்.

பீடியை ஒழிக்கணும்னு மேடையில சொல்லும்போது எனக்குத் தொண்டையில என்னமோ அடைக்கும். ஒழிக்கட்டும். எங்க அம்மா கடைசி வரைக்கும் இருமிட்டுத்தான் கிடந்தா, ஒரு பீடி பிடிச்சவ இல்ல. ஆனா அவளுக்கு வேற என்ன தொழில்னு சொல்லிட்டு ஒழிக்கணும்லா?

இன்னொண்ணு. சிகரெட்டைப் பத்தி இவ்வளவு பேசுறீக, பீடியைப் பத்தி யாரும் விளம்பரத்துல காட்டுறதில்ல. எங்க ஊர்ப் பயலுக முதல்ல தொடுறது அதைத்தான். வீட்டுலயே கிடக்கும், காசே வேண்டாம்.

ஆயில்_கறை

சுளவுக்காரி அக்கா, இதுக்கு மேல நான் என்ன எழுத. கும்பிடுறேன்.

வடமராட்சி

எங்கட இலங்கையில 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 21 வயசுக்குக் கீழ ஆருக்கும் சிகரட் விக்கேலாது. பெட்டியில 80 வீதம் படம், 2015இல வந்தது. அதெல்லாம் அரசாங்கத்தின்ர வேலை. நான் சொல்ல வந்தது வேற. சில சின்ன ஊர்களில கடைக்காரரே கூடிக் கதைச்சு, "எங்கட சந்தியில இனி சிகரட் விக்கிறேல்லை" எண்டு முடிவெடுத்தினம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார் கடை கடையா ஏறி இறங்கினவை. ஒருத்தர் விட்டால் மற்றவருக்கு யாவாரம் போகும் எண்ட பயம்தானே எல்லாருக்கும், எல்லாரும் சேர்ந்து விட்டால் அந்தப் பயம் இல்லை. மேல பெட்டிக்கடை மகன் சொன்ன "அடுத்த கடை இருபது அடியில" எண்ட கதைக்கு இதுதான் மருந்து.

எங்கட சந்தியிலயும் ஒரு கடை அப்பிடி விட்டது. பெடியள் அடுத்த ஊருக்குச் சைக்கிளில போறாங்கள், அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா எல்லாரும் போறேல்லை, சைக்கிள் மிதிக்கிற பஞ்சி, சோம்பல்தான்.

பெட்டிக்கடை_மகன்

வடமராட்சி அண்ணன் சொல்றது சரி. எங்க அப்பாவை யாராவது நாலு கடைக்காரரோட உட்கார வச்சுப் பேசியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பார். யாரும் பேசல. வந்தவங்க எல்லாம் அபராதச் சீட்டோடதான் வந்தாங்க. 200 ரூபா. அதை அன்னைக்குச் சாயங்காலமே எடுத்துடுவோம்.

கேரளா பார்டர்ல ஒரு போலீஸ்காரர் மட்டும் ஒரு தடவை வேற மாதிரி சொன்னார்: "சிறார் நீதிச் சட்டம் 77ஆவது பிரிவு தெரியுமா? பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தா ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்." அப்பா அதுக்குப் பிறகு ஒரு மாசம் பசங்களுக்குக் கொடுக்கல. 2015 சட்டம் அது. ஒரு மாசம் கழிச்சு அவர் மாத்தலாகிப் போயிட்டார்.

தம்_விட்டவன்

உதிரி விற்பனையைத் தடுக்க மகாராஷ்டிரா 2020ல உத்தரவு போட்டது. இங்க அதைக் கேட்கிற குரலே காணோம். எனக்கு ஒரே ஒரு சட்டம் போடச் சொன்னா அதைத்தான் போடுவேன்.

நான் எப்படி விட்டேன்னு ரெண்டு பேர் தனிமடல்ல கேட்டிருந்தீங்க. பெரிய கதை இல்ல. பாக்கெட்ல அச்சடிச்சிருக்கிற இலவச எண், 1800-11-2356, ஒரு நாள் சாயங்காலம் சும்மா கூப்பிட்டேன், எடுக்கமாட்டாங்கன்னு நினைச்சு. எடுத்தாங்க. திட்டல. எந்த நேரத்துல ரொம்பத் தேடுதுன்னு கேட்டாங்க. டீ குடிச்ச உடனேன்னேன். ஒரு வாரம் டீயை விடுங்கன்னாங்க. டீயை விட்டது தான் கஷ்டம். நாலு தடவை வழுக்கி அஞ்சாவது தடவை நின்னது.

சாக்பீஸ்_வாத்தி

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் தனித்தனியா நன்றி சொல்லல, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

பொதுநலம் எழுதினதைப் படிச்சதுல இருந்து ஒரு எண்ணம். கல்வி நிலையத்துல இருந்து 100 கெஜத்துக்குள்ள புகையிலை விக்கக் கூடாதுன்னு 2003 சட்டம், ஆறாவது பிரிவு. எங்க சுத்துச்சுவர்ல மஞ்சள் பெயின்ட்ல எழுதியே இருக்கு. ஆனா 100 கெஜம்னா எவ்வளவுன்னு பள்ளியில ஒருத்தருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. நான் கணக்கு வாத்தியார். பாடமாவே எடுத்துட்டேன். ஒரு கெஜம் 0.9144 மீட்டர், ஆக 91 மீட்டர் 44 சென்டிமீட்டர். பி.இ.டி. சார்கிட்ட 30 மீட்டர் டேப்பை வாங்கிட்டு வெளிய இறங்கினோம்.

டேப்போட ஒரு நுனியை யார் பிடிச்சதுன்னு நினைக்கிறீங்க? அன்னைக்கு கயிறுல பத்த வச்சவன்தான். நான் கொடுக்கல, அவனே வந்து வாங்கினான்.

வாசல்ல சண்டை வந்தது. கேட்ல இருந்து அளக்கணும்னு ஒரு கோஷ்டி, சுவர்ல இருந்துன்னு ஒரு கோஷ்டி. விதியை எடுத்துக் காட்டினேன்: சுத்துச்சுவரோட வெளி விளிம்புல இருந்து, ஆரம் மாதிரி எல்லாப் பக்கமும். "அப்போ வட்டம் போடணும் சார்"னான் ஒருத்தன். சுவர் வட்டமா இல்லையே, அப்போ என்ன வடிவம் வரும்னு நடுரோட்டுல விவாதம். என் பதினெட்டு வருஷ சர்வீஸ்ல வடிவியலுக்கு இவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்ல.

எதிர்க்கடை 11 மீட்டர் 20. மொத்தம் நாலு கடை உள்ள விழுந்தது. பசங்க ஒரு தாள்ல படம் வரைஞ்சு, கடைக்குக் கடை தூரம் எழுதி, நுரையீரல் வரைஞ்சவனே அதையும் வரைஞ்சான், எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியர் வழியா சுகாதார ஆய்வாளருக்கு அனுப்பியிருக்கோம். பதில் இன்னும் வரல. வடமராட்சி சொன்ன மாதிரி நாலு கடைக்காரரையும் சேர்த்து உட்கார வைக்க ஒரு நாள் கேட்டிருக்கேன். மூணு பேர் சரின்னுட்டாங்க.

அந்தப் பையன் விட்டுட்டானான்னு கேட்பீங்க. இல்ல. வெள்ளிக்கிழமை கிட்ட வந்தப்போ வாசனை வந்தது, கொய்யா இலையும் சேர்த்து.

நாலாவது கடைக்காரர், எதிர்க்கடை, அவர்தான் இன்னும் பிடி கொடுக்கல. நேத்து போனப்போ கயிறைக் காணோம். டப்பா இருந்தது. "சார், என் கடையை மட்டும் பத்து பேர் நின்னு அளந்தீங்களே, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தனியார் ஸ்கூல் வாசல்ல ரெண்டு கடை இருக்கு, அதை யார் அளப்பா?"ன்னார். பக்கத்துல நின்ன பையன் என்னைப் பார்த்தான். திங்கட்கிழமை டேப் திரும்பவும் வேணும்னு பி.இ.டி. சார்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.